முகம் வரையாத சைத்ரிகர்

பிரெஞ்சுச் சைத்ரிகர் ழான் பிரான்ஸ்வா மிலே, அறுவடை முடிந்த வயலில் சிந்திக் கிடக்கும் கதிர்களைப் பொறுக்கும் மூன்று ஏழைப் பெண்களின் வர்ண ஓவியத்தை 1857-ஆம் வருஷத்துப் பாரிஸ் கண்காட்சியில் வைத்தபோது, 1848-ஆம் வருஷத்துப் புரட்சியின் நடுக்கம் இன்னும் தீராதிருந்த கனவான்களில் சிலர், அம்மூவருக்கும் பின்னால் கலகக்காரரின் ஈட்டிகளும் பழைய கொலைமேடையும் எழுந்து நிற்பதாகக் கண்டு பதறினார்கள். ஓவியத்தின் பின்புறத்தில் நிஜமாக நிற்பவையோ கதிர்ப்போர்களும், ஒரு பார வண்டியும், குதிரைமேல் அமர்ந்த மேற்பார்வைக்காரன் ஒருவனுமே.

அந்த ஓவியத்துக்கு முன்னோடியாக மிலே கரிய கோலால் போட்டுப் பார்த்த பூர்வாங்கச் சித்திரங்களைக் கண்டால், அவருடைய கவலை முழுவதும் வேறிடத்தில் இருந்தது விளங்கும். இடுப்பில் மடிந்த உடம்பின் பாரம் எந்தக் காலில் இறங்குகிறது, தரையைத் துழாவும் கை முதுகை எவ்வளவு இழுக்கிறது என்பதையே அந்தக் கோடுகள் தேடிக்கொண்டிருக்கின்றன. நார்மண்டியில் குடியானவக் குடும்பத்தில் 1814-இல் பிறந்து, இளமையில் தாமே வயலில் உழைத்து, 1849-இல் காலரா பரவிய பாரிஸை விட்டுப் பார்பிஸோன் கிராமத்தில் மனைவி மக்களோடு குடியேறிய அவர், வயலில் கண்டதை மனத்தில் வாங்கிக்கொண்டு, பெரும்பாலும் ஞாபகத்திலிருந்தே வரைவது வழக்கம். முதுகுவலியை அறிந்தவருக்கு எதிரே ஆள் நிற்க வேண்டிய அவசியம் என்ன?

இத்தகைய கோடுகளைப் போட அக்காலத்துப் பிரெஞ்சுக்காரர் கையிலிருந்த பென்சிலுக்கே ஒரு யுத்தக் கதை உண்டு. இங்கிலாந்தோடு மூண்ட போரால் அந்நாட்டுச் சுத்தமான கிராபைட் வராமல் நின்றுபோக, கிராபைட் தூளைக் களிமண்ணோடு பிசைந்து சூளையில் சுட்டுக் கோலாக்கும் முறையை 1795-இல் கண்டுபிடித்தவர் நிக்கோலா ழாக் காண்டே. களிமண் கூடினால் கோல் கெட்டியாகும், குறைந்தால் மிருதுவாகும்.

கலகத்தைத் தூண்ட விரும்பும் சைத்ரிகன் முகத்தையும் கண்ணீரையும் வரைவான் என்பது என் அபிப்பிராயம். மிலேயோ வர்ண ஓவியத்திலும் அப்பெண்களின் முகங்களைத் தலைத்துணியின் நிழலிலேயே விட்டுவிட்டார். ஆயினும் கனவான்கள் அஞ்சியது முற்றிலும் ஆதாரமற்றது என்று சொல்லமாட்டேன். முகத்துக்கு இரங்கி இரண்டு காசு போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம், வளைந்த முதுகுக்கு அப்படிச் சமாதானம் சொல்ல முடியாது. ஓர்ஸே அருங்காட்சியகத்தில் அந்த ஓவியத்தைக் காணும் பாக்கியம் பெறுகிறவர்கள், அதன் பொன்னிற மாலை வெளிச்சத்தில் மயங்குவதற்கு முன்னால், அந்தப் பென்சில் கோடுகளின் பிரதிகளையாவது தேடிப் பார்த்துவிட்டுச் செல்லட்டும்.