ஏழு எண்ணத் தெரிந்தால் போதும்

டெய்ரி ஃபார்மிலே கிதார் பழகும் தமிழ் மாணவரிடம் நான், "புரோகிரசிவ் ராக் வாசிப்போம், வாருங்கள்" என்றால், "அதற்கெல்லாம் இங்கே ஆள் ஏது? சென்னைக்குப் போக வேண்டும்" என்கின்றனர். இஃது சரியன்று என்பதே என் கருத்து.

பிங்க் ஃபிளாய்டு குழுவின் வாட்டர்ஸ், மேசன், ரைட் மூவரும் இலண்டனில் கட்டடக் கலை பயின்ற மாணவர்கள். ஜெனிசிஸ் குழு 1967-இல் ஒரு பள்ளியிலே பிறந்தது. இவர்கள் வித்துவான்களைத் தேடி ஊர் ஊராய் அலையவில்லை. பக்கத்துப் பெஞ்சைப் பார்த்தார்கள்.

இவ்விசையின் கடினம் பெரும்பாலும் கணக்கிலே இருக்கிறது. 1973-இல் வெளிவந்த பிங்க் ஃபிளாய்டின் 'மணி' என்னும் பாட்டு பெரும்பகுதி ஏழு எண்ணிக்கையில் நடக்கிறது. மிச்ர சாபு கேட்டு வளர்ந்த நமக்கு ஏழு புதிதா? பெங்களூரில் தோன்றிய 'அகம்' குழு கருநாடக இசையையும் ராக்கையும் இணைத்துக் காட்டிவிட்டதன்றோ!

ஆகவே, ஒத்த இரசனை உடையவரைத் தேடாதீர். தாளம் பிசகாதவரைத் தேடுங்கள். பஜனையில் மிருதங்கம் வாசிப்பவர், தபலா பழகிய வங்காளித் தோழர், மாதா கோயிலில் கீபோர்டு வாசிக்கும் நிக்கோபார் நண்பர் ஆகிய எவரும் நமக்கு வேண்டியவரே. தமிழ்ச் சங்கமாயிற்றே என்று பிறரை ஒதுக்குவது நமக்கே நட்டம்.

வீட்டிலே வாசித்தால் அண்டை வீட்டார் இரைச்சல் என்பர், அதுவும் நியாயமே. சங்கம் வாரம் ஒரு மாலை தன் அறையைத் திறந்துவிடட்டும்.

கப்பலேறிப் பிழைக்க வந்த நம் முன்னோர், சொந்த ஊரார் வரும்வரை காத்திருக்கவில்லை; இருந்தவரோடு கூடி வாழ்ந்தனர். இசைக்கும் அதுவே வழி.