உழைப்பவர் இசையும் கவிதையும்

எல்லார்க்கும் எளிதில் விளங்கும் பாட்டு உயர்ந்த கவிதையாகாது என்பார் உளர். அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் மீதும் இத்தகைய பழி வந்தது.

அந்நாட்டின் தென்பகுதியில் உழைத்து வாழ்ந்த கறுப்பின மக்களிடையே தோன்றியது ‘புளூஸ்’ என்னும் இசை. பாடுவோன் தன் துயரை ஓரடியிற் கூறுவான். அதனையே மீண்டும் பாடுவான். மூன்றாம் அடியில் அதற்கு விடையோ நகையோ பிறக்கும். அடி மடங்கி வரும்போது கேட்போர் நெஞ்சம் அத்துயரில் தோய்ந்துவிடும். தமிழ் ஒப்பாரியிலும் இத்தகைய மடக்கு உண்டன்றோ? ஹியூஸ் இவ்வமைப்பைத் தம் கவிதைகள் பலவற்றிற்கு வடிவமாகக் கொண்டார். அவருடைய முதல் நூல் 1926ஆம் ஆண்டில் வெளிவந்தது. மறு ஆண்டில் வந்த நூலில், மின்தூக்கி இயக்கும் இளைஞனும், எச்சில் உமிழும் பித்தளைப் படிக்கங்களைத் துலக்கும் விடுதிப் பணியாளனும் கவிதைப் பொருளாயினர்.

அந்நூலைக் கறுப்பின மக்களின் இதழ்கள் சிலவே கடுமையாகச் சாடின. வறியோரின் கொச்சை மொழியையும் குறைகளையும் அச்சேற்றினால் பிறர் தம் இனத்தை இகழ்வர் என அவை அஞ்சின. நெடுங்காலம் இழிவு சுமந்தோர்க்கு அவ்வச்சம் இயல்பே, ஆயினும் நேரிதன்று. படிக்கம் துலக்குவோனைக் கவிதையினின்று விலக்குவோர், இகழ்வோர் செய்ததையே தாமும் செய்தவராவர். ஹியூஸ் தாமே வாஷிங்டன் நகர விடுதியொன்றில் எச்சில் தட்டுகளை எடுத்தவர். அப்பணியாளனுக்காக அவர் இரக்கம் வேண்டவில்லை. அவர் கவிதையில், துலக்கிய படிக்கம் இறைவன் திருமுன் வைக்கத்தக்க பொருளாய் ஒளிர்கின்றது.