மீரியபெத்தை சுற்றுலா வரைபடத்தில் இல்லை

கடைசியாகப் பதுளைக்குப் போனபோது கிளிநொச்சி நண்பர்கள் இருவரும் என்னுடன் வந்திருந்தார்கள். எல்லோரையும் போல அவர்களும் முதலில் பார்க்க விரும்பியது, எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலத்தைத்தான். தண்டவாளத்தின் இரு பக்கமும் வெளிநாட்டவர்கள் கமராவுடன் ரயிலுக்காகக் காத்திருந்தார்கள். மேலே தேயிலைச் சரிவில் சில பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களும் அந்தப் படங்களில் விழுந்திருப்பார்கள்.

வெயில், கடல், புராதன இடிபாடுகள் என்றுதான் இந்தத் தீவு உலகுக்கு விற்கப்படுகிறது. 2010 ஜனவரியில் நியூயோர்க் டைம்ஸ், அந்த ஆண்டு பார்க்கவேண்டிய இடங்களின் பட்டியலில் இலங்கைக்கு முதலிடம் கொடுத்தது. அப்போது வன்னி மக்களில் பலர் இன்னும் மெனிக்பாம் முகாமில் இருந்தார்கள். 2024இல் 20 லட்சத்துக்கும் அதிகமான சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள்; 300 கோடி டொலருக்கும் மேல் வருமானம் கிடைத்தது. அநுராதபுரம், சீகிரியா பார்த்துவிட்டு மலைக்கு ரயிலேறுவது அவர்களில் பலரின் வழக்கம்.

1924இல் பதுளையை எட்டிய அந்த ரயில்பாதை தேயிலையை நம்பிப் போடப்பட்டது. தேயிலையை வளர்த்தவர்களின் குடியுரிமையை 1948இல் அரசு பறித்தது. 2024 செப்டெம்பரில் அவர்களுடைய அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. பல தலைமுறைகளாக லயனில் வாழ்ந்தும், அந்த அறைக்கோ அது நிற்கும் மண்ணுக்கோ உறுதி இல்லாத குடும்பங்கள் ஏராளம்.

மறுநாள் தியலும நீர்வீழ்ச்சிக்குப் போக வேண்டும் என்றார்கள் நண்பர்கள். வழியில் கொஸ்லந்தையில் இறங்கி மீரியபெத்தைக்கும் போவோம் என்றேன். அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று ஒருவர் கேட்டார்.

2014 ஒக்டோபர் 29 காலை அங்கே மலை சரிந்து லயன்களை மூடியது. பலருடைய உடல்கள் கிடைக்கவேயில்லை. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆய்வு நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை கிடைத்தாலும் எழுந்து போய்க் குடியேற அந்த மக்களுக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் இருக்கவில்லை. 2023 மார்ச்சில் பூணாகலை கபரகலையிலும் மண் சரிந்து லயன்கள் அழிந்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையில் பதுளை மாவட்டத்தின் பல இடங்களில் மலை மீண்டும் சரிந்தது. மழையை யாராலும் நிறுத்த முடியாது. ஆனால் யார் எந்தச் சரிவில் வாழ வேண்டியிருக்கிறது என்பதை நிலவுரிமையே தீர்மானிக்கிறது.

திரும்பும்போது பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவயைக் காட்டினேன். 2000 ஒக்டோபர் 25 அன்று அங்கிருந்த புனர்வாழ்வு முகாமுக்குள் 25க்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்கள் அடித்தும் வெட்டியும் கொல்லப்பட்டார்கள். 2003இல் ஐவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2005ஆம் ஆண்டுக்குள் அனைவரும் மேன்முறையீட்டில் விடுவிக்கப்பட்டார்கள். நண்பர்கள் வெகுநேரம் பேசவில்லை. எல்லவுக்குப் போன வழியில் இதே இடத்தைத்தான் நாங்கள் பாட்டுக் கேட்டபடி கடந்திருந்தோம்.

வடக்கு, கிழக்குக்கும் இந்த மலைக்கும் உறவு புதிதல்ல. 1977, 1983 வன்செயல்களுக்குத் தப்பிய மலையகக் குடும்பங்கள் பல வன்னியில் குடியேறின. போரின் கடைசி நாட்களையும் அங்கேயே சந்தித்தன. காணிக்காக இன்றும் போராடும் நமக்கு, நிலம் இல்லாதவர் படும் பாட்டை யாரும் விளக்கத் தேவையில்லை.

எல்லவுக்குப் போகவேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். பாலம் அழகானதுதான். போகிறவர்கள் மீரியபெத்தைக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள். பாதுகாப்பான இடத்தில் உறுதியுடன் காணி கேட்கும் மலையக மக்களின் குரலோடு, திரும்பி வந்து உங்கள் குரலையும் சேருங்கள்.