பருத்தி நம்ம காட்டுல… விலை யார் கையில?



குற்றாலச் சாரலுக்கு வருகிறவர்கள் கடைவீதியில் ஜாதிக்காயும் கிராம்பும் வாங்கிப் போகிறார்கள். இந்த மலையில் அந்த மரங்களை வைத்தது யார் தெரியுமா? இருநூறு வருஷத்துக்கு முன்னால் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே தோட்டம் போட்டது. நறுமணப் பொருள் வியாபாரத்தில் டச்சுக்காரனை முந்த வேண்டும் என்ற கணக்கு. மலையையே விட்டுவைக்காதவன் கீழே இருக்கிற கரிசக்காட்டை விடுவானா?

கப்பம் கட்ட மாட்டேன் என்று நெற்கட்டும்செவலில் பூலித்தேவர் எதிர்த்து நின்ற மண் இது. பாளையங்களை ஒடுக்கிய பிறகு வெள்ளையன் வரியைக் காசாகக் கேட்டான். மழை பெய்தாலும் பொய்த்தாலும் கிஸ்தி கட்டியாகணும். காசு வேண்டுமென்றால் காசுப்பயிர் போடணும். சம்சாரி வியாபாரியிடம் முன்பணம் வாங்கினான். காய் வெடிக்கும் முன்பே பருத்தி அடுத்தவன் கைக்குப் போனது.

1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர். லங்காஷயர் மில்களுக்கு அங்கிருந்து பஞ்சு வரவில்லை. உடனே திருநெல்வேலிப் பருத்திக்கு யோகம்! விலை பல மடங்கு ஏறியது. 1865-ல் போர் முடிந்தது, விலை சரிந்தது. ஏறினதும் இறங்கினதும் நம்ம சம்சாரி கையில் இல்லை. அவன் கையில் மிஞ்சியது கடன் பத்திரம்தான்.

1876 ஜனவரியில் தூத்துக்குடிக்கு ரயில் வந்தது. பருத்திப் பொதி சீக்கிரமாகத் துறைமுகம் போய்ச் சேர்ந்தது. அதே வருஷம்தான் தாது வருஷப் பஞ்சமும் தொடங்கியது. ரயில் இருந்தது, தந்தி இருந்தது, சந்தையில் தானியமும் இருந்தது. வாங்கக் காசுதான் இல்லை. நாடு முழுக்க 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பிழைப்புத் தேடிப் பல குடும்பங்கள் கப்பலேறி இலங்கைத் தோட்டங்களுக்குப் போயின.

பழைய கதை எதுக்கு என்று கேட்கிறீர்களா? இந்தக் கதை இன்னும் முடியவில்லை.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம்ம சரக்குகள் மேல் 50 சதவீத வரி போட்டது. அதே மாதம் ஒன்றிய அரசு பஞ்சு மீதான 11 சதவீத இறக்குமதி வரியை ரத்து செய்தது. முதலில் செப்டம்பர் 30 வரை என்றார்கள். பிறகு டிசம்பர் 31 வரை நீட்டினார்கள். வரியில்லாமல் வந்த பஞ்சு மில் குடோனில் குவிந்துவிட்டால், சங்கரன்கோவில், திருவேங்கடம் பக்கம் மாசி, பங்குனியில் எடுக்கிற பருத்தியை என்ன விலைக்குக் கேட்பார்கள்? 160 வருஷம் கழித்தும் அமெரிக்காவில் நடக்கிற சண்டைக்கு நம்ம காட்டில்தான் விலை விழுகிறது.

திருப்பூர் தொழிலாளியின் வேலையும் முக்கியம்தானே என்பார்கள். ஆமாம், அவரும் நம்ம ஆள்தான். பின்னலாடைத் தொழிலைக் காப்பாற்ற அரசு தன் கஜானாவைத் திறக்கட்டும். சம்சாரி மடியில் கை வைக்க வேண்டாம்.

மத்தியத் தர இழைப் பருத்திக்கு 2025-26-க்கு அரசு வைத்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,710 ரூபாய். தாளில் விலை இருந்தால் போதாது. அந்த விலைக்கு எடுக்க ஆள் வேண்டும். அதனால் கேட்கிறோம்:

▪ அறுவடைக் காலத்தில் இந்தியப் பருத்திக் கழகம் நம்ம வட்டாரத்துக்கே வந்து கொள்முதல் செய்ய வேண்டும்.
▪ சாமிநாதன் ஆணையம் சொன்னபடி, உற்பத்திச் செலவோடு 50 சதவீதம் சேர்த்து விலை வைத்து, அதைச் சட்டமாக்க வேண்டும்.
▪ விவசாயிகளைக் கேட்காமல் இறக்குமதி வரியில் கை வைக்கக் கூடாது.

பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளி விலை விழும்போது பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் செடியிலேயே விடுகிற சம்சாரிக்கும் இதே நியாயம்தான்.

அன்று வெள்ளையன் விலை வைத்தான். இன்று நம்ம ஓட்டு வாங்கியவர்கள் வைக்கிறார்கள். அவர்களைக் கேள்வி கேட்க நமக்கு உரிமை இருக்கு. கேட்போம். உங்க ஊர் சம்சாரிகளிடம் இதைக் கொண்டு சேருங்கள்.

விதைத்தவன் விலை சொல்லட்டும்!

#பருத்திக்கு_நியாய_விலை
#தென்காசி