தப்பு கையிலா, திருகிலா?

சென்ற மாதம் ஒரு காலை. "அத்தை, கேஸ் நாத்தம் வருதுங்க!" என்று அடுத்த வீட்டு மருமகள் பதறுகிற குரல் கேட்டு ஓடினேன்.

நாலு பர்னர் அடுப்பு. முன்னால் குழந்தைக்குப் பால், பின்னால் சாதம். இடுப்பில் குழந்தை வீறிட்டு அழ, பால் பொங்குகிறதே என்று அவசரமாகத் திருகை மூடியிருக்கிறாள். அணைந்ததோ சோற்று அடுப்பு! பால் வழிந்து தீயை அணைத்துவிட, கேஸ் மட்டும் வந்துகொண்டே இருந்திருக்கிறது. திருகுகளையும் ரெகுலேட்டரையும் மூடி, கதவு ஜன்னல்களை விரியத் திறந்தோம். ஸ்விட்ச் எதையும் தொடவில்லை. நல்லவேளை, ஆபத்தில்லாமல் போயிற்று.

"கவனம்னு ஒண்ணு வேண்டாமா?" என்று கடிந்துகொண்டார் மாமியார். "எனக்குத்தான் புத்தி பத்தலைங்க அக்கா" என்று அந்தப் பெண் அழுதாள். எனக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் அடுப்பு ஆறியிருக்கும்போது, ரெகுலேட்டரை மூடிவிட்டு மாமியாரையே அடுப்பு முன் நிறுத்தினேன். "பின்னால் இடது! முன்னால் வலது!" என்று நான் வேகமாகச் சொல்லச் சொல்ல, அவர் திருகைத் தொட வேண்டும். பத்துக்கு மூன்று தப்பு! அப்புறம் நான் நின்றேன். எனக்கும் இரண்டு தப்பு. மாமியாருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

காரணம் இதுதான். பர்னர்கள் சதுரமாக இருக்கின்றன. திருகுகளோ ஒரே வரிசையில். இடப்பக்கத்து இரண்டில் எது முன், எது பின் என்று ஒவ்வொரு தடவையும் யோசித்தாக வேண்டும். பக்கத்தில் சின்னதாகப் படம் போட்டிருக்கிறதே என்பீர்கள். குழந்தை அழும்போது படமா பார்ப்போம்? மனசு குழந்தையிடம் ஓடிவிடும். கை தன் பழக்கப்படி போகும். இது மனித சுபாவம்.

1959-ல் அமெரிக்காவில் சபானிஸ் என்ற மனோதத்துவ நிபுணரும் லிண்டன்பாம் என்பவரும் இதையே சோதனை செய்து பார்த்தார்கள். முன் பர்னரையும் பின் பர்னரையும் நேருக்கு நேர் வைக்காமல் சற்று விலக்கி, ஒவ்வொரு திருகுக்கும் நேராக ஒரு பர்னர் வரும்படி அமைத்தபோது ஒருவர்கூடத் தவறவில்லை. மாறியது மனிதர்களின் புத்தியல்ல, அடுப்பின் அமைப்பு!

செய்கிறவர்கள் நம் கையையும் பழக்கத்தையும் கவனித்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு நம் சமையலறையே சாட்சி. 1955-ல் கோயமுத்தூர் சபாபதி செய்த மாவாட்டும் கிரைண்டரைப் பாருங்கள். ஆட்டுக்கல்லில் குழவியைச் சுற்றிச் சுற்றித் தோள் இற்றுப்போகும். கிரைண்டரில் கல் சுற்றுகிறது, குழவி நிற்கிறது. பின்னால், மாவை வழிக்க முதுகு ஒடியுதே என்ற குறைக்கும் வழி பிறந்து, சாய்க்கிற கிரைண்டர் வந்தது. பம்பாயில் மாத்தூர் என்ற என்ஜினீயர், தம் மனைவியின் வெளிநாட்டு மிக்ஸி நம் பருப்புக்கும் மசாலாவுக்கும் தாங்காமல் கெட்டுப்போனதைப் பார்த்தார். 'மசாலா அரைக்காதே' என்று மனைவியிடம் சொல்லவில்லை. 1963-ல் கம்பெனி தொடங்கி, அரைக்கத் தாங்குகிற 'சுமீத்' மிக்ஸியைக் கொண்டுவந்தார்!

ஆகவே சகோதரிகளே, அடுப்பு வாங்கும்போது பளபளப்பில் மயங்காதீர்கள். கடையிலேயே நின்று, எந்தத் திருகு எந்த பர்னருக்கு என்று தொட்டுப் பாருங்கள். யோசிக்க வேண்டியிருந்தால் வேறு பாருங்கள். தீ அணைந்தால் தானாகவே கேஸை நிறுத்தும் அமைப்புள்ள அடுப்பு இருக்கிறதா என்றும் கேளுங்கள். இருக்கிற அடுப்பில், அணைத்து ஆறிய பிறகு, பின் பர்னர்களின் திருகுகளுக்கு மட்டும் நகப்பாலிஷால் பெரிய பொட்டு வைத்துக் காயவிடுங்கள். பொட்டு வைத்தது பின்னால், வைக்காதது முன்னால். கேஸ் கசிந்தால் உதவிக்கு 1906 என்ற எண்ணையும் சுவரில் எழுதி வையுங்கள். வீட்டுக்கு வெளியே வந்து போன் பண்ணுங்கள்.

எங்கள் அம்மாபேட்டையில் குழித்தறி போடும்போது, நெய்கிறவர் கால் எட்டுகிற ஆழத்துக்குத்தான் குழி தோண்டுவார்கள். மிதி எட்டாவிட்டால் யாரும் காலைத் திட்டுவதில்லை. குழியைத்தான் சரி செய்வார்கள். அந்த நியாயம் நம் அடுக்களைக்கும் வேண்டாமா?

அடுத்த வீட்டு அடுப்பில் இப்போது இரண்டு சிவப்புப் பொட்டுகள். வைத்தது மாமியார்தான்!