முதலில் நிலுவை, பிறகு கடன்

சிறு தொழிலுக்கு அரசு தரும் ஆதரவு கடன், திறன் பயிற்சி, சந்தை என மூன்று வழிகளில் செல்கிறது. மூன்றிலும் திட்டங்களுக்குக் குறைவில்லை. மானியமும் கடன் வரம்பும் அவ்வப்போது உயர்த்தப்படுகின்றன. ஆனால், விற்ற பொருளுக்கும் செய்து கொடுத்த வேலைக்கும் உரிய பணம் உரிய நாளில் கைக்கு வரும் ஏற்பாடு மட்டும் இன்றளவும் நோஞ்சானாகவே இருக்கிறது. அது சரியாகாதவரை மற்ற உதவிகள் எதுவும் முழுப் பயன் தரப்போவதில்லை.

கடன் தரும் அமைப்புகளுக்குத் தமிழ்நாட்டில் நீண்ட வரலாறு உண்டு. இன்றைய தமிழ்நாடு தொழில் முதலீட்டுக் கழகம் 1949இல் தொடங்கப்பட்டது. 1958இல் கிண்டி தொழிற்பேட்டையும் 1970இல் சிறுதொழில் வளர்ச்சிக் கழகமான சிட்கோவும் வந்தன. முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கான ‘நீட்ஸ்’ திட்டம் 25 விழுக்காடு மூலதன மானியம் தருகிறது. 2023இல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம், பட்டியலின, பழங்குடியினத் தொழில்முனைவோருக்கு 35 விழுக்காடு மானியமும் 6 விழுக்காடு வட்டி மானியமும் வழங்குகிறது. மத்திய அரசின் பக்கத்தில், பிணையில்லாக் கடனுக்கு உத்தரவாதம் தரும் அறக்கட்டளை 2000இல் நிறுவப்பட்டது. அதன் உத்தரவாத வரம்பு 2025 ஏப்ரல் முதல் 10 கோடி ரூபாய். முத்ரா கடன் 2015இல் வந்தது. கரோனா காலத்தில் அவசரக் கடன் உத்தரவாதத் திட்டம் 3 லட்சம் கோடி ரூபாயில் தொடங்கி, பின்னர் 5 லட்சம் கோடியாக விரிந்தது.

இவை வீண் என்று எவரும் சொல்ல முடியாது. இவை இல்லாவிட்டால் புதிதாகத் தொழில் தொடங்குகிறவர் கந்துவட்டிக்காரரின் வாசலில்தான் நிற்க வேண்டியிருக்கும். எந்திரம் வாங்கவும் கூரை போடவும் கடன் தேவை. ஆனால், இன்று பல சிறு பட்டறைகள் வங்கிக்குப் போவது புது எந்திரம் வாங்குவதற்காக அல்ல. வாங்குபவர் தர வேண்டிய பணம் வராததால், சனிக்கிழமைக் கூலியையும் மின்கட்டணத்தையும் சமாளிப்பதற்காக. தனக்கு வர வேண்டிய பணத்துக்குத் தானே வட்டி கட்டிக் கடன் வாங்கும் நிலை இது. பெரிய நிறுவனத்தின் நடைமுறை மூலதனத்தைச் சிறு நிறுவனம் சுமக்கிறது; அந்தச் சுமைக்கு அரசின் உத்தரவாதம் முட்டுக் கொடுக்கிறது.

வங்கிகள் போடும் கணக்கே இதைக் காட்டும். 1992இல் அறிக்கை தந்த நாயக் குழுவின் பரிந்துரைப்படி, சிறு நிறுவனத்தின் எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனையில் 25 விழுக்காடு நடைமுறை மூலதனத் தேவையாகக் கொள்ளப்படுகிறது. அதில் 20 விழுக்காட்டை வங்கி தரும். மீதி 5 விழுக்காடு உரிமையாளரின் பங்கு. கச்சாப் பொருள் வாங்கியதிலிருந்து பணம் திரும்புவது வரையிலான சுழற்சி மூன்று மாதத்தில் முடிந்துவிடும் என்பதே இந்தக் கணக்கின் அடிப்படை. பில் கொடுத்த பிறகே நான்கு மாதம் காத்திருக்க நேர்ந்தால், கணக்கு முதல் வரியிலேயே உடைகிறது. கடன் வரம்பை எவ்வளவு கூட்டினாலும் இந்த ஓட்டை அடைபடாது.

சிறு நிறுவனத்தின் மீதுள்ள கெடுக்களை அடுத்துப் பார்க்க வேண்டும். வருங்கால வைப்பு நிதியும் தொழிலாளர் காப்பீடும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் செலுத்தப்பட வேண்டும். மாதந்தோறும் கணக்கு தாக்கல் செய்கிறவர் 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி கட்ட வேண்டும். வாங்கியவர் பணம் தந்தாரா இல்லையா என்பது அங்கே கேள்வியே அல்ல, பில் போட்டாலே வரி. வங்கித் தவணை 90 நாள் தவறினால் கணக்கு வாராக்கடன் ஆகிறது. ஆனால், அதே பொருளை வாங்கிய பெரிய நிறுவனம், செலுத்தாத பணத்துக்கான வரியை உள்ளீட்டு வரவாக உடனே எடுத்துக்கொள்ளலாம்; 180 நாளுக்குள் பணம் தராவிட்டால்தான் அந்த வரவைத் திருப்ப வேண்டும். ஒரு சட்டம் 45 நாளில் பணம் தரச் சொல்ல, இன்னொரு சட்டம் 180 நாள்வரை பொறுத்துக்கொள்கிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் 2006 அக்டோபர் 2 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 15ஆம் பிரிவுப்படி, எழுத்துபூர்வ ஒப்பந்தம் இருந்தாலும் கெடு 45 நாளைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதந்தோறும் கூட்டு வட்டியாக. தகராறை விசாரிக்க மாநில அளவில் வசதியாக்கல் மன்றங்கள் உண்டு. அவை 90 நாளில் முடிவு சொல்ல வேண்டும். தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் செல்ல விரும்பும் வாங்குபவர், தொகையில் 75 விழுக்காட்டை முதலில் கட்ட வேண்டும். நிலுவைகளைப் பதிய 2017இல் ‘சமாதான்’ இணையதளமும் வந்தது. எழுத்தில் பார்த்தால் இதைவிடக் கடுமையான பாதுகாப்பு தேவையில்லை.

நடைமுறையில் இது தோற்பதற்குக் காரணம், புகார் கொடுக்கும் பொறுப்பு முழுவதும் பலவீனமானவர் தலையில் இருப்பதுதான். கோவையில் ஒரே பம்ப் நிறுவனத்துக்கு உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் லேத் பட்டறையோ, திருப்பூரில் ஒரே ஏற்றுமதியாளரை நம்பி நடக்கும் பவர் டேபிள் தையல் யூனிட்டோ அந்தப் பார்ட்டி மீது வழக்குப் போட்டால், அதற்கு அடுத்த ஆர்டர் கிடைக்காது. மூன்று மடங்கு வட்டி கேட்கும் உரிமையைவிட அடுத்த மாத ஜாப் ஆர்டர்தான் பட்டறைக்காரருக்கு முக்கியம். ஆகவே புகார் என்பது பெரும்பாலும் உறவு முறிந்த பிறகு, கடையை மூடும் கட்டத்தில் எடுக்கப்படும் கடைசி நடவடிக்கையாகிவிடுகிறது.

இந்தக் குறையை உணர்ந்துதான் 2023 நிதிச் சட்டம், வருமான வரிச் சட்டத்தில் 43பி பிரிவுக்குள் புதிய உட்பிரிவைச் சேர்த்தது. குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடுவுக்குள் தராத தொகையை, அது உண்மையில் செலுத்தப்படும் ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும். புகாரே தேவையில்லாத தண்டனை என்பதால் இது சரியான திசையில் வைத்த அடி. ஆனால், அடி பாதியில் நிற்கிறது. ஏப்ரலில் வாங்கிய பொருளுக்கு அடுத்த மார்ச்சில் பணம் தந்தாலும், இரண்டும் ஒரே நிதியாண்டுக்குள் வருவதால் வாங்கியவருக்கு வரியில் ஒரு ரூபாய்கூட நட்டமில்லை. நடுத்தர நிறுவனங்களும் வணிகர்களும் இதன் பாதுகாப்புக்கு வெளியே நிற்கிறார்கள். பதிவு பெற்ற சிறு நிறுவனத்தை விட்டுவிட்டுப் பதிவில்லாதவரிடம் ஆர்டரை மாற்றும் போக்கும் தலைதூக்கியது. மார்ச் மாதத்தில் மட்டும் ஒழுக்கம் கற்பிக்கும் சட்டம் மற்ற பதினோரு மாதங்களுக்குப் பதில் சொல்லாது.

பில்லைக் காட்டி உடனே பணம் பெறும் ‘டிரெட்ஸ்’ மின்தளங்கள் 2017 முதல் இயங்குகின்றன. வாங்கியவர் பில்லை ஏற்றுக்கொண்டால், வங்கிகள் ஏலம் கேட்டுத் தள்ளுபடி செய்து பணம் தருகின்றன. வாங்கியவரின் கடன் தகுதியை வைத்து வட்டி தீர்மானிக்கப்படுவதால் சிறு நிறுவனத்துக்குச் செலவு குறைவு. வாங்கியவர் பிறகு ஏமாற்றினாலும் வங்கி சிறு நிறுவனத்திடம் திரும்பி வராது. ஆண்டு விற்பனை 250 கோடி ரூபாய்க்கு மேல் உள்ள நிறுவனங்கள் இதில் சேர வேண்டும் என்பது இப்போதைய விதி. ஆனால், சேர்வது வேறு, பில்லை ஏற்பது வேறு. உறுப்பினர் பட்டியலில் பெயரைப் போட்டுவிட்டு, ஒரு பில்லையும் ஒப்புக்கொள்ளாமல் ஒரு பெரிய நிறுவனம் வருடத்தை ஓட்டிவிட முடியும்.

பெரியவரின் சுமையைச் சிறியவர் தாங்கும் இதே முடிச்சு திறன் பயிற்சியிலும் இருக்கிறது. தமிழ்நாட்டின் ‘நான் முதல்வன்’ திட்டம் 2022 மார்ச்சில் தொடங்கியது. மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டம் 18 தொழில்களுக்கும், தமிழ்நாடு அரசின் கலைஞர் கைவினைத் திட்டம் 25 தொழில்களுக்கும் பயிற்சியும் கடனும் தருகின்றன. முன்னதில் குலத்தொழிலின் வாடை இருப்பதாக மாநில அரசு எழுப்பிய ஆட்சேபம் நியாயமானது. தொழிலைப் பிறப்போடு கட்டாத பயிற்சியே வேண்டும். ஆனால், பயிற்சி வகுப்பறையில் முடிந்துவிடுவதில்லை. ஒரு பையன் எந்திரத்தின் முன் நின்றுதான் கைத்திறன் பெறுகிறான்; அந்த எந்திரம் பெரும்பாலும் சிறு பட்டறையில்தான் இருக்கிறது. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி, 30 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள் தொழிலாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 விழுக்காடுவரை பழகுநர்களைச் சேர்க்க வேண்டும். சிறு பட்டறைக்கு அது விருப்பம் மட்டுமே. இரண்டு வருடம் கற்றுக்கொடுத்த பிறகு கூடுதல் சம்பளத்துக்குப் பெரிய ஆலை அவனை அழைத்துக்கொள்கிறது. செலவு சிறியவருக்கு, பலன் பெரியவருக்கு என்றிருக்கும்போது எவரும் கற்றுக்கொடுக்க முன்வர மாட்டார்கள். பழகுநரின் உதவித்தொகையில் பெரும்பகுதியை, அந்தப் பட்டறையிடம் வேலை வாங்கும் பெரிய நிறுவனம் ஏற்க வேண்டும். மீதியை அரசு தர வேண்டும்.

சந்தை உதவிக்கு வந்தால், மத்திய அரசுத் துறைகளும் நிறுவனங்களும் தங்கள் கொள்முதலில் 25 விழுக்காட்டைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். அந்த 25க்குள் 4 விழுக்காடு பட்டியலின, பழங்குடியினருக்கும், 3 விழுக்காடு பெண்களுக்கும் உரியது. ஆர்டர் தந்த அலுவலகமே பில்லைக் கிடப்பில் போட்டால் இந்த ஒதுக்கீடு பெருமைக்குத்தான் உதவும். ஏற்றுமதியில் நிலைமை இன்னும் கூர்மையானது. அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்களுக்கு 50 விழுக்காடு வரி விதித்தபோது முதல் அடி திருப்பூர் பின்னலாடை மீது விழுந்தது. அத்தகைய வேளையில் ஏற்றுமதியாளருக்கு வட்டிச் சலுகையும் உத்தரவாதமும் அவசியமே. ஆனால், ஒரு டி-ஷர்ட் நிட்டிங், டையிங், பிரிண்டிங், எம்பிராய்டரி, தையல், அயர்னிங் எனப் பல கைகள் மாறியே பெட்டிக்குள் போகிறது. வெளிநாட்டு பையர் கேட்கும் தள்ளுபடியும் தாமதமும் படிப்படியாகக் கீழிறங்கி ஜாப் ஒர்க் யூனிட்டில் வந்து நிற்கின்றன. சலுகைகள் மட்டும் அவ்வாறு கீழிறங்குவதில்லை. ஏற்றுமதிக்கு அரசு தரும் எந்தச் சலுகையும், ஜாப் ஒர்க் நிலுவையை 45 நாளில் தீர்த்ததற்கான சான்றோடு இணைக்கப்பட வேண்டும்.

கெடுவை இறுக்கினால் பெரியவர்கள் ஆர்டரை வேறு மாநிலத்துக்கோ வேறு நாட்டுக்கோ மாற்றிவிடுவார்கள் என்ற அச்சம் முன்வைக்கப்படுகிறது. ஒரு மாநிலமோ ஒரு தொழிலோ மட்டும் இறுக்கினால் அந்த அச்சம் உண்மையாகலாம். நாடு முழுவதும் எல்லாப் பெரிய வாங்குபவருக்கும் ஒரே விதி என்றால் மாற்றிக்கொள்ள இடமிராது. வாங்குபவர்களில் பலரும் சிறியவர்களே, அவர்களால் எப்படித் தர முடியும் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் மேலிருந்து தொடங்க வேண்டும். அரசும் பெரிய நிறுவனங்களும் நாள் தவறாமல் தந்தால், அந்தப் பணம் அடுத்தடுத்த கைகளுக்கு இறங்கும்.

செய்ய வேண்டியவை தெளிவானவை. முதலாவதாக, மத்திய, மாநில அரசுத் துறைகள், மின்வாரியம், போக்குவரத்துக் கழகங்கள், உள்ளாட்சிகள் ஆகிய அனைத்தும் சிறு நிறுவனங்களின் பில்களை டிரெட்ஸ் தளத்தில் ஏற்ற வேண்டும்; 45 நாள் கடந்தால் கேட்காமலே வட்டி சேர வேண்டும். அமெரிக்க மத்திய அரசு 1982ஆம் ஆண்டின் உடனடிச் செலுத்தல் சட்டப்படி, கெடு கடந்தால் கேட்காமலே வட்டி தந்து வருகிறது. இரண்டாவதாக, ஆண்டு விற்பனை 5 கோடி ரூபாய்க்கு மேல் உள்ள நிறுவனங்களின் பில்கள் 2023 ஆகஸ்ட் முதல் மின்ரசீதாக அரசின் கணினியில் பதிவாகின்றன. இந்த ஏற்பாட்டைக் குறு நிறுவனங்களின் பில்களுக்கும் விரித்து, யார் யாருக்கு எத்தனை நாள் தாமதித்தார் என்பதை அரசே கணக்கிட்டு, வாங்குபவரின் கடன் மதிப்பீட்டில் சேர்க்க வேண்டும். புகார் கொடுக்கும் சுமை அப்போது சிறியவரை விட்டு நீங்கும். மூன்றாவதாக, குறு நிறுவனங்கள் பணம் வந்த பிறகு ஜிஎஸ்டி கட்ட அனுமதிக்கப்பட வேண்டும். வாங்குபவரின் 180 நாள் சலுகை 45 ஆகக் குறைய வேண்டும். நான்காவதாக, வசதியாக்கல் மன்றங்களுக்கு முழுநேர உறுப்பினர்களை நியமித்து, அவற்றின் தீர்ப்புத் தொகையை வருவாய் வசூல் சட்டப்படி மீட்கும் அதிகாரம் தர வேண்டும்.

இவற்றில் எதற்கும் பெரிய மானியம் தேவையில்லை; புதிய வாரியமும் தேவையில்லை. ஏற்கெனவே உள்ள சட்டங்களைச் சற்றே திருத்தி, புகாருக்காகக் காத்திராமல் அமல்படுத்தும் துணிவு போதும். கடன் திட்டங்களை அறிவிப்பது எந்த அரசுக்கும் எளிது. தன் சொந்த நிலுவையை நாளுக்குத் தீர்க்கும் அரசுக்கே, பெரிய நிறுவனங்களைப் பார்த்து 45 நாள் கெடுவைப் பற்றிப் பேசும் தகுதி உண்டு. சிறு தொழிலுக்கு ஆதரவு என்று அரசு சொல்வது மெய்யா என்பதை அடுத்த நிதிநிலை அறிக்கையின் கடன் ஒதுக்கீட்டை வைத்து அல்ல, அரசு அலுவலகங்களில் தேங்கிக் கிடக்கும் பில்களின் வயதை வைத்தே மதிப்பிட வேண்டும்.