பொதுப் பணமும் பொது வாசலும்

தமிழகத்தில் சொத்து வரி செலுத்தும் ஒவ்வொருவரும் அதனுடன் சேர்த்து நூலக வரியும் செலுத்துகிறோம். 1948-ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் வழியே வந்த ஏற்பாடு இது. விடுதலை பெற்ற இந்தியாவில் நூலகத்துக்கென இயற்றப்பட்ட முதல் சட்டம் என்ற பெருமை அதற்கு உண்டு. பார்வையற்ற ஒருவர் சொந்தமாக வைத்திருக்கும் வீட்டுக்கும் இந்த வரி உண்டு. ஆனால், அந்தப் பணத்தில் வாங்கப்படும் நூல்களில் எத்தனையை அவரால் படிக்க முடியும் என்று நாம் கேட்பதில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகளின் எண்ணிக்கை 2.68 கோடி. தமிழகத்தில் ஏறத்தாழ 11.8 லட்சம். அன்றைய கணக்கெடுப்பு, குறைபாடுகளை எட்டு வகைகளாகவே பிரித்தது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டமோ 21 வகைகளை ஏற்கிறது. முதுமையால் பார்வையும் செவித்திறனும் குன்றியவர்களையும் சேர்த்துப் பார்த்தால், இது ஒரு சிறுபான்மையினரின் பிரச்னை என்று ஒதுக்க இயலாது. ஆயுள் நீண்டால் நம்மில் பலரும் சென்று சேரப்போகும் நிலை இது.

சட்டத்துக்குக் குறைவில்லை. மேற்கண்ட சட்டத்தின் 29-ஆவது பிரிவு, பண்பாட்டு வாழ்விலும் பொழுதுபோக்கிலும் பங்கேற்கும் உரிமையைப் பேசுகிறது. 42-ஆவது பிரிவு, மின்னணு ஊடகங்களில் ஒலி விவரிப்பு, சைகைமொழி பெயர்ப்பு, வசன வரிகள் ஆகியவற்றை வலியுறுத்துகிறது. 45-ஆவது பிரிவு, ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை விதிகள் வெளியான ஐந்தாண்டுகளுக்குள் மாற்றியமைக்கச் சொல்கிறது. விதிகள் 2017 ஜூனில் வெளியாயின. ஐந்தாண்டுகள் 2022-இலேயே முடிந்துவிட்டன.

குறை எங்கே இருந்தது என்பதை உச்சநீதிமன்றம் 8.11.2024 அன்று சுட்டிக்காட்டியது. தாய்ச் சட்டம் கட்டாயம் என்று கூறுவதை, விதி 15 வெறும் பரிந்துரையாக நீர்த்துப்போகச் செய்துவிட்டது என்று கூறி, அந்த விதி செல்லாது எனத் தீர்ப்பளித்தது. எந்த நிலையிலும் விட்டுக்கொடுக்க முடியாத குறைந்தபட்ச நெறிகளை மூன்று மாதங்களுக்குள் வகுக்குமாறும் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. 'செய்தால் நல்லது' என்பதற்கும் 'செய்தாக வேண்டும்' என்பதற்கும் உள்ள இடைவெளியில்தான் இத்தனை ஆண்டுகள் கழிந்திருக்கின்றன.

முதலில் நூல்களை எடுத்துக்கொள்வோம். நான் பாடம் நடத்திய காலத்தில் பார்வையற்ற மாணவர்கள் ஒலிநாடாக்களில் பாடங்களைப் பதிவு செய்துகொண்டு படித்தார்கள். விடுதித் தோழர்கள் இரவில் வாசிக்க, இவர்கள் கேட்டுக் குறிப்பெடுப்பார்கள். இன்று திரைவாசிப்பு மென்பொருளைக் கொண்டு கைப்பேசியே வாசித்துக் காட்டுகிறது. கணினிக்கான இலவச மென்பொருள்களும் உள்ளன. ஆனால், அவர்களில் ஒருவர், இப்போது பள்ளி ஆசிரியராக இருப்பவர், அண்மையில் என்னிடம் சொன்னார்: 'வாசிக்க ஆள் தேடிய காலம் போய்விட்டது ஐயா, வாசிக்கத் தகுந்த கோப்பைத்தான் இப்போது தேடிக் கொண்டிருக்கிறேன்.'

அவர் கூறுவதன் பொருள் இதுதான். ஒரு நூலின் பக்கங்களைப் படமெடுத்து இணையத்தில் ஏற்றினால், கண்ணுள்ளவருக்கு அது நூல். திரைவாசிப்பு மென்பொருளுக்கு அது எழுத்தே இல்லாத படம். நூற்றுக்கும் மேற்பட்ட தமிழறிஞர்களின் நூல்களை அரசு பரிவுத்தொகை அளித்து நாட்டுடைமையாக்கியுள்ளது. அவற்றில் பெருமளவு இணையத்தில் கிடைப்பது பக்கப் படங்களாகத்தான். பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகளும் இதே போன்று பயனற்றவையே. ஒருங்குறியைத் தமிழக அரசு 2010-இலேயே தர நிலையாக ஏற்றது. அதற்குப் பின்னரும் படமாக வெளியாகும் அரசு ஆவணங்கள் உண்டு.

மாற்று வழி நம் கண்முன்னே இருக்கிறது. 1998-இல் தொடங்கப்பட்ட மதுரைத் திட்டம், தன்னார்வலர்களைக் கொண்டே பழந்தமிழ் நூல்களை எழுத்து வடிவில் இணையத்துக்குக் கொண்டுவந்தது. தமிழ் விக்கிமூலத்தில் நாட்டுடைமை நூல்களை எழுத்தாக்கிப் பிழை திருத்துவோரும் ஊதியம் பெறாதவர்களே. உரிமைச் சிக்கலும் இல்லை. 2012-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத் திருத்தம், மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற வடிவில் நூல்களை மாற்ற அனுமதிக்கிறது. இதே நோக்கத்துக்கான மராகேஷ் உடன்படிக்கைக்கு 2014-இல் முதலில் ஏற்புறுதி அளித்த நாடும் இந்தியாதான்.

திரையிலும் நிலைமை இதுவே. தூர்தர்ஷன் 1987-இலேயே செவித்திறன் குறைந்தோருக்கான செய்தியறிக்கையைத் தொடங்கியது. தொலைக்காட்சிகளுக்கான அணுகல் தர நெறிகளை மத்திய அரசு 2019-இலும், திரையரங்குகளுக்கான நெறிகளை 2024 மார்ச்சிலும் வெளியிட்டது. ஆயினும், ஒரு தமிழ்ப் படம் வெளியாகும் முதல் வாரத்தில், ஒலி விவரிப்புடன் அதைக் காண எந்த அரங்குக்குச் செல்லலாம் என்று பார்வையற்ற ரசிகர் கேட்டால் விடை சொல்வது கடினம்.

'செலவாகுமே' என்பதுதான் வழக்கமான மறுமொழி. பொருளாதாரம் படித்தவன் என்ற முறையில் இதற்கு விடை கூற விரும்புகிறேன். வசன வரிகளும் ஒலி விவரிப்பும் ஒரு படத்துக்கு ஒருமுறை செய்யும் நிலையான செலவு. பத்துப் பேர் பயன்படுத்தினாலும் பத்து லட்சம் பேர் பயன்படுத்தினாலும் அது ஏறத்தாழ மாறாது. தொடக்கத்திலேயே திட்டமிட்டால் மொத்தச் செலவில் அதன் பங்கு சிறிது. முடிந்த பின் ஒட்டவைத்தால்தான் சுமை. கட்டடத்தின் சாய்தளத்துக்கும் இதே கணக்குதான்.

பயனும் ஒரு பிரிவினரோடு நிற்பதில்லை. ஆமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தைச் சேர்ந்த பிரிஜ் கோத்தாரி, தொலைக்காட்சித் திரைப்பாடல்களுக்கு அதே மொழியில் வரிகள் காட்டும் முயற்சியைத் தொடங்கினார். அரைகுறையாக எழுத்தறிந்தோரின் வாசிப்புப் பயிற்சிக்கு அது துணைபுரிந்தது. காதுகேளாதோருக்கு உதவும் அதே வரிகள், எழுத்துக் கூட்டிப் படிக்கும் கிராமத்துப் பெண்ணுக்கும் உதவுகின்றன.

அமர்த்தியா சென் கூறும் ஒரு கருத்து இங்கு பொருந்தும். சமமான வருவாய் உள்ள இருவரில் உடல் குறைபாடு உடையவர், அந்த வருவாயைக் கொண்டு அடையக்கூடிய வாழ்வு குறைவானது. அந்த இடைவெளியை உதவித்தொகை மட்டும் நிரப்பாது. கையில் நுழைவுச்சீட்டு வாங்கப் பணம் இருந்தும், படிக்கட்டுகள் மட்டுமே உள்ள கலையரங்கின் வாசலில் சக்கர நாற்காலி நின்றுவிடுகிறது.

எனவே, என் பரிந்துரை எளிமையானது. அபராதத்தை மட்டும் நம்பாமல், பொதுப் பணம் வழங்கப்படும் இடத்திலேயே நிபந்தனையை வைக்க வேண்டும். பொது நூலகங்களுக்கு வாங்கப்படும் ஒவ்வொரு தமிழ் நூலுக்கும் ஒருங்குறிக் கோப்பைப் பதிப்பாளர் தர வேண்டும். பதிவு பெற்ற பார்வையற்ற வாசகர்களுக்கு மட்டும் அது கிடைத்தால் பதிப்பாளருக்கு இழப்பில்லை. சிறு முதலீட்டுத் தரமான படங்களுக்கு அரசு வழங்கும் மானியத்துடன், வசன வரிகளுக்கும் ஒலி விவரிப்புக்கும் ஆகும் தொகையைச் சேர்த்து வழங்கி, அதைக் கட்டாயமாக்கலாம். அருங்காட்சியகங்களுக்கும் கலையரங்குகளுக்கும் ஒதுக்கப்படும் புதுப்பிப்பு நிதி, சாய்தளம், தொட்டுணரும் மாதிரிகள், ஒலிவழிகாட்டி ஆகியவை திட்டத்தில் இடம்பெற்றால் மட்டுமே விடுவிக்கப்பட வேண்டும். தில்லி தேசிய அருங்காட்சியகம் தொட்டுணரும் காட்சிக்கூடம் ஒன்றை அமைத்துக் காட்டியுள்ளது. எழும்பூரிலும் மதுரையிலும் அது இயலாத செயலல்ல.

இவற்றைத் திட்டமிடும் குழுக்களில் மாற்றுத்திறனாளிகளே உறுப்பினர்களாக இருப்பதும் அவசியம். சக்கர நாற்காலி ஏற முடியாத அளவுக்குச் செங்குத்தான சாய்தளங்கள், அதைப் பயன்படுத்துவோரைக் கேட்காமல் கட்டப்பட்டவையே.

இவற்றில் எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை. துறைகளின் அரசாணைகளே போதும். அடுத்த நிதிநிலை அறிக்கையில் பண்பாட்டுத் துறைகளுக்கான ஒதுக்கீட்டுடன் இந்த நிபந்தனைகளையும் அரசு அறிவிக்கட்டும். எல்லோரிடமிருந்தும் வரி பெறும் அரசு, அந்த வரியில் வாங்கிய நூலையும் கட்டிய அரங்கையும் எல்லோருக்கும் திறந்து வைக்கக் கடமைப்பட்டுள்ளது.